சட்டமன்றத் தேர்தல்: வேட்பாளர்களின் கல்வி நிலைப்பாடுகளை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர்கள் கல்வியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், வென்றால் என்ன செய்ய முடியும், செய்வார்கள் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது என்பதை ஒரே தாளில் கொண்டுவருவதற்கான வழிமுறை இது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இதில் சொல்லப்போவதில்லை. பெற்றோர் குழுக்களிலும் வாசகர் வட்டங்களிலும் பலரோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எடுத்த எடுப்பில் தேர்தல் அறிக்கையைத் திறந்து, கல்வி என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை வரிசையாக எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டியல் நீளும். ஒப்பீடு மட்டும் வராது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்தல் அறிக்கைகளின் முழு வடிவம், அந்தந்தக் கட்சி வெளியிட்ட பிடிஎஃப் ஆகவே வேண்டும். செய்தித்தாளில் வந்த "முக்கிய அம்சங்கள்" போதாது. பள்ளிக் கல்வித் துறையின் கடைசிக் கொள்கை விளக்கக் குறிப்பு. அதே ஆண்டின் வரவு செலவுத் திட்ட உரை. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம். எக்செல்லோ கூகுள் ஷீட்டோ இல்லாவிட்டால் ஒரு முழுநீள நோட்டு.

இவற்றோடு நேரமும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட நினைத்தால், பதில் தர அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அறிக்கைகள் வந்த பிறகு மனுப் போட்டால், பதில் வருவதற்குள் வாக்குப்பதிவு முடிந்திருக்கும். தொகுதிப் பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரம் வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள்.

1. முதலில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள்

அறிக்கைகளைத் திறப்பதற்கு முன்பே கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். அறிக்கை எழுதுபவர்கள் தங்களுக்கு வசதியானதைத்தான் முன்னே வைப்பார்கள். அதை முதலில் படித்துவிட்டால் அவர்கள் போட்ட கோட்டில்தான் நம் சிந்தனையும் ஓடும். ஒரு கட்சி மடிக்கணினியைப் பற்றிப் பேசும், இன்னொன்று கல்விக் கடனைப் பற்றிப் பேசும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எதை ஒப்பிடுவது?

ஆறு முதல் எட்டுக் கேள்விகள் போதும். அதற்கு மேல் போனால் அட்டவணை நிரம்பாது, நீங்களும் களைத்துப்போவீர்கள். நான் வழக்கமாக வைப்பவை: ஆசிரியர் எண்ணிக்கையும் நியமனமும், தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும், தனியார் பள்ளிக் கட்டணம், நீட் உள்ளிட்ட நுழைவுத் தேர்வுகள், மொழிக் கொள்கை, அரசுக் கல்லூரி இடங்களும் விரிவுரையாளர்களும், மாற்றுத்திறன் குழந்தைகள், இடைநிற்றல். உங்கள் தொகுதி மலைப்பகுதியாக இருந்தால் உண்டு உறைவிடப் பள்ளிகளைச் சேருங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோ கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளோ இருக்கும் பகுதியானால் அவற்றுக்குத் தனி வரிசை கொடுங்கள்.

ஒவ்வொரு கேள்வியையும் பதில் சொல்லக்கூடிய வடிவில் எழுதுங்கள். "கல்வித் தரத்தை உயர்த்துவீர்களா?" என்ற கேள்விக்கு இல்லை என்று எந்த வேட்பாளரும் சொல்லப்போவதில்லை. "மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தை தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பதில்கள் வேறுபடும். அந்த வேறுபாட்டைத்தான் நாம் தேடுகிறோம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ "ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா" என்று ஒரே கட்டத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஆவணத்தில் மும்மொழி இருக்கிறது, பள்ளி ஆண்டுகளை நான்கு கட்டமாகப் பிரிக்கும் 5+3+3+4 அமைப்பு இருக்கிறது, மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புத் தேர்வுகள் இருக்கின்றன. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையாவது முடிந்த இடங்களில் தாய்மொழியில் கற்பித்தல், பள்ளியில் காலைச் சிற்றுண்டி ஆகியவையும் இருக்கின்றன. கொள்கையை எதிர்ப்பவர் காலை உணவை ஆதரிக்கலாம். ஆதரிப்பவர் மூன்றாவது மொழியில் தயங்கலாம். கூறு கூறாகப் பிரித்துக் கேளுங்கள்.

2. எந்த அதிகாரம் யாரிடம் என்று பிரித்துவிடுங்கள்

1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதாவது ஒன்றியம், மாநிலம் இரண்டும் சட்டம் இயற்றலாம். மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அது இங்கே செல்லும். உயர்கல்வியின் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் முழுக்க ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நீட் நல்ல எடுத்துக்காட்டு. நீட் விலக்கு மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆக, "நீட்டை ஒழிப்போம்" என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால் அது அவருடைய நிலைப்பாடு. அதை நிறைவேற்றும் சாவி சட்டமன்றத்தில் மட்டும் இல்லை. அதே அக்கறையிலிருந்து பிறந்த இன்னொரு நடவடிக்கை, மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் மாநிலமே சட்டம் இயற்றிக் கொண்டுவந்தது. இரண்டையும் ஒரே எடையில் வைத்து ஒப்பிடக் கூடாது.

எனவே அட்டவணையில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். மாநில அரசு தானாகச் செய்யக்கூடியது "மா". ஒன்றியத்தின் ஒப்புதலோ பணமோ தேவைப்படுவது "ஒ". உள்ளாட்சியின் கையில் இருப்பது "உ". சட்டமன்ற உறுப்பினர் தன் அளவிலேயே செய்யக்கூடியது "ச".

"மா" என்று போடுவதற்கு முன் பணத்தையும் யோசியுங்கள். பள்ளிக் கல்விக்காக ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றியத்தின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ தொடர்பான ஒப்பந்தச் சிக்கலில் தமிழ்நாட்டுக்கான ஒன்றியப் பங்கு நின்று, 2025-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறப்புப் பயிற்றுநர் ஊதியம், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் சேரும் குழந்தைகளுக்கான கட்டணத் தொகை எல்லாம் அந்த நிதியோடு கட்டுண்டவை. இத்தகைய திட்டத்தை விரிவாக்குவேன் என்பவரிடம், ஒன்றியப் பங்கு வராவிட்டால் என்ன செய்வார் என்றும் கேட்க வேண்டும்.

3. கட்சியின் நிலைப்பாடு, வேட்பாளரின் நிலைப்பாடு: இரண்டு நெடுவரிசை

நம் முறையில் சட்டமன்ற உறுப்பினர் வாக்கெடுப்பில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால், அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையின்படி (கட்சித் தாவல் தடை) பதவியே பறிபோகலாம். அதனால் சட்டம், நிதி, மாநில அளவிலான கொள்கை ஆகியவற்றில் கட்சி சொல்வதுதான் எடை உள்ளது. "எங்கள் அண்ணன் தனிப்பட்ட முறையில் இதை எதிர்க்கிறார்" என்று தொகுதியில் சொல்லப்படுவதை எழுதி வையுங்கள், ஆனால் கட்சி நெடுவரிசையில் எழுதாதீர்கள்.

வேட்பாளருக்கு என்று இருக்கும் இடம் வேறு. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்குமான நிதிக்குச் சட்டமன்ற ஒப்புதல் கேட்பது) விவாதம், தொகுதி மேம்பாட்டு நிதி, முதன்மைக் கல்வி அலுவலரையும் மாவட்ட ஆட்சியரையும் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. கழிப்பறை, சுற்றுச்சுவர், வகுப்பறைக் கட்டடம், பள்ளி நேரத்துக்குப் பேருந்து, நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோருவது எல்லாம் இந்த வட்டத்துக்குள் வரும்.

கூட்டணி வேட்பாளர் என்றால் ஒரு படி கூடுதல். அவர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால், சட்டத்தின் பார்வையில் அந்தக் கட்சியின் உறுப்பினர். கொறடா உத்தரவும் அங்கிருந்தே வரும். சொந்தச் சின்னத்தில் நின்றால் அவர் கட்சியின் அறிக்கையையும் தனியே படிக்க வேண்டும். கூட்டணிக்குள்ளேயே மொழிக் கொள்கையிலும் கல்விக் கொள்கையிலும் முரண்பட்டால், அந்த முரண்பாட்டையே ஒரு கட்டத்தில் எழுதுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து நேராக்க வேண்டாம்.

பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளரின் கல்வித் தகுதி இருக்கும். அதைக் கல்விக் கொள்கையாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். முனைவர் பட்டம் பெற்றவர் அரசுப் பள்ளியைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவர் ஒன்றியக் குழு உறுப்பினராகப் பத்துப் பள்ளிக்குக் கட்டடம் வாங்கித் தந்திருக்கலாம். பிரமாணப் பத்திரத்தில் நமக்கு உதவும் பகுதி வேறு: தொழிலும் சொத்தும். கல்வி நிறுவனம் நடத்துபவராகவோ அதில் பங்கு உள்ளவராகவோ இருந்தால், கட்டண ஒழுங்குமுறை பற்றி அவர் சொல்வதற்கு அருகில் அந்தத் தகவலையும் எழுதுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம், தகவலாகப் போதும்.

4. ஆதாரங்களை மூன்று அடுக்காகச் சேருங்கள்

முதல் அடுக்கு: தேர்தல் அறிக்கை, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, அரசாணை, வேட்பாளர் கையெழுத்திட்ட கடிதம். இரண்டாம் அடுக்கு: முழுக் காணொளியாகக் கிடைக்கும் பேச்சு அல்லது பேட்டி. மூன்றாம் அடுக்கு: செய்திக் கட்டுரை. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் எந்த அடுக்கிலும் சேராது. அவற்றை முதல் அடுக்குக்குப் போகும் துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆதாரத்தையும் தேதியையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். பேச்சு என்றால் காணொளியில் எந்த நிமிடம் என்பதையும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பத் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும். யாராவது "அவர் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால் உங்களிடம் பதிலும் இருக்காது.

தேதி இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. நிலைப்பாடுகள் மாறும். ஐந்தாண்டுக்கு முன் சொன்னதையும் இப்போது சொல்வதையும் ஒரே வரியில் கலந்தால் வேட்பாளருக்கு அநீதி. பழையதை மறைத்தால் வாக்காளருக்கு அநீதி. இரண்டையும் தேதியோடு எழுதிவிட்டால் மாற்றம் தானாகத் தெரியும்.

5. வாக்குறுதியைப் பிரித்துப் படியுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் படி, எடுக்க வேண்டிய படியும்கூட. ஒரு வாக்குறுதியில் யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போதுக்குள், எந்தப் பணத்தில் என்ற ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருப்பதை எழுதுங்கள். இல்லாததை "சொல்லவில்லை" என்று எழுதுங்கள்.

எல்லா அறிக்கைகளிலும் ஏதாவதொரு வடிவில் வரும் வரி ஒன்றை எடுப்போம்: "அரசுப் பள்ளிகளில் உள்ள ஆசிரியர் காலிப் பணியிடங்கள் அனைத்தும் நிரப்பப்படும்."

படிப்பவருக்கு நிறைவாக இருக்கும். ஆனால் காலிப் பணியிடம் என்பது அனுமதிக்கப்பட்ட பணியிடத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். 40 குழந்தைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்தான். கணக்குப்படி அங்கே காலியிடம் பூஜ்யம். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், பயிற்சி என்று அவர் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்க வேண்டும். மேலே சொன்ன வாக்குறுதி நூற்றுக்கு நூறு நிறைவேறினாலும் அந்தப் பள்ளியில் எதுவும் மாறாது.

"வகுப்புக்கு ஓர் ஆசிரியர்" என்று இன்னொரு வேட்பாளர் சொன்னால் அது வேறு வாக்குறுதி. புதிய பணியிடங்களை உருவாக்க வேண்டும், நிதித் துறை ஒப்புதல் வேண்டும், செலவு பல மடங்கு. இரண்டையும் "ஆசிரியர் நியமனம்: உண்டு" என்று ஒரே குறியில் அடைத்துவிட்டால் நீங்கள் தேடிய வேறுபாடே காணாமல் போய்விடும்.

அதே வரியை இன்னும் கொஞ்சம் தோண்டலாம். நிரப்புவது ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக முறையான ஊதியத்திலா, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாகத் தொகுப்பூதியத்திலா? இடைநிலை, பட்டதாரி, முதுகலை ஆகிய மூன்றில் எது? பணிநிரவல் மூலம் ஒரு பள்ளியில் எடுத்து இன்னொரு பள்ளியில் வைப்பதையும் நிரப்புதல் என்று கணக்கில் சேர்ப்பார்களா? இவற்றுக்கு அறிக்கையில் விடை இருக்காது. எட்டாம் படியில் வேட்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக இவற்றை ஒதுக்கி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கான வாக்குறுதி வேறு, மாணவர்களுக்கான வாக்குறுதி வேறு என்பதையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். பழைய ஓய்வூதியம், பகுதிநேர ஆசிரியர் பணி நிரந்தரம், 2009-க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் சம வேலைக்குச் சம ஊதியம் எல்லாம் நியாயமான கோரிக்கைகளாக இருக்கலாம். வகுப்பறையில் அவற்றின் விளைவு மறைமுகமானது. இரண்டையும் கலந்து எண்ணினால், ஊழியர் கோரிக்கைகளை அதிகம் ஏற்ற கட்சி கல்வியில் முன்னணியில் நிற்பதுபோலத் தோன்றும்.

ஏற்கெனவே இருப்பதைப் புதிதாகச் சொல்லும் வாக்குறுதிகளும் உண்டு. "தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவருவோம்" என்று யாராவது சொன்னால், கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் தமிழ்நாட்டில் 2009-இலேயே வந்துவிட்டது, கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கிறது. குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கும் பள்ளிமீது பெற்றோர் புகார் கொடுத்தால் எத்தனை நாளில் விசாரணை, குழந்தையின் மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைத்தால் என்ன நடவடிக்கை என்று சொல்கிறாரா? அப்படிச் சொல்லும் வேட்பாளரிடம் ஒரு திட்டம் இருக்கிறது.

எண்ணிக்கையை வைத்து மட்டும் எடை போட வேண்டாம். நாற்பது வரி கொண்ட கல்விப் பகுதியில் ஐந்து கூறும் உள்ள வாக்குறுதி மூன்று இருந்தால் பெரிது. பத்தே வரி உள்ள அறிக்கையில் நான்கு இருக்கலாம்.

6. பணத்தோடு பொருத்திப் பாருங்கள்

இலவசத் திட்டங்கள் தொடர்பான தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, தேர்தல் நடத்தை விதிகளில் அறிக்கைகளுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்கான காரணத்தையும், நிதி திரட்டும் வழியையும் அறிக்கை பொதுவாகவாவது சுட்ட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. ஆகவே பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

அளவு புரிய ஒரு எண் போதும். 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முந்தைய ஆண்டு 44,042 கோடி. உயர்வு ஆறு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. உயர்கல்விக்கு 8,494 கோடி. பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டில் மிகப் பெரிய பங்கு ஊதியத்துக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் புதிய திட்டங்கள். ஒரு வாக்குறுதியின் செலவை இந்த மிச்சத்தோடு ஒப்பிடுங்கள், மொத்தத்தோடு வேண்டாம்.

இங்கே இரண்டு குழிகள். ஒன்று, கல்விச் செலவு ஒரே துறையில் இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் புதுமைப் பெண் திட்டமும் சமூக நலத் துறையின் பக்கம் வருகின்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனித் துறை. பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் "பணமே ஒதுக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு, ஒதுக்கீடும் செலவும் ஒன்றல்ல. வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று மூன்று எண்கள் அடுத்தடுத்த ஆண்டு ஆவணங்களில் வரும். ஆளும் கட்சி முதல் எண்ணைச் சொல்லும், எதிர்க்கட்சி மூன்றாவதைச் சொல்லும். இரண்டு தரப்புக்கும் ஒரே எண்ணை எடுங்கள்.

7. கடந்த காலத்தை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் பாருங்கள்

ஆட்சியில் இருப்பவரைச் செய்ததை வைத்தும், இல்லாதவரைச் சொன்னதை வைத்தும் எடை போடுவது மனித இயல்பு. ஒப்பீடு அங்கேயே கோணிப்போகும். ஆளும் கட்சியின் முந்தைய அறிக்கையை எடுத்து, கல்வி வாக்குறுதிகளில் எது அரசாணையாக வந்தது, எது வரவில்லை என்று குறியுங்கள். எதிர்க்கட்சி முன்பு ஆண்டிருந்தால் அந்தக் காலத்துக்கும் அதையே செய்யுங்கள். ஆண்டதே இல்லாத கட்சி என்றால், சட்டமன்றத்திலோ உள்ளாட்சியிலோ அதன் உறுப்பினர்கள் கல்வி பற்றி எழுப்பிய கேள்விகள், போட்ட வழக்குகள், நடத்திய இயக்கங்களைப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் "பதிவு இல்லை" என்று எழுதுங்கள். பதிவு இல்லாதது குற்றமாகாது. தகுதியாகவும் ஆகாது.

தற்போதைய உறுப்பினரே மீண்டும் நின்றால் வேலை எளிது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை நாளில் அவர் பேசினாரா, என்ன கேட்டார் என்று தேடுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் பள்ளிகளுக்குப் போனது எவ்வளவு என்பதை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் தகவல் மனு வழியாகக் கேட்கலாம். நகர்ப்புறத் தொகுதியானால் மாநகராட்சியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

கற்றல் அடைவுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒரு கட்சியைப் பாராட்டவோ தாக்கவோ அவசரப்படாதீர்கள். ஏசர் ஆய்வு கிராமப்புற வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளிடம் எளிய வாசிப்பும் கணக்கும் கேட்பது. தேசிய அடைவுத் தேர்வு பள்ளிக்குள் நடப்பது. ஒன்றில் 2018-ஐயும் மற்றொன்றில் 2021-ஐயும் எடுத்து "சரிந்துவிட்டது" என்றோ "உயர்ந்துவிட்டது" என்றோ சொல்ல முடியாது. ஒரே ஆய்வின் இரண்டு சுற்றுகளை ஒப்பிடுங்கள். இடையில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததையும் மனதில் வையுங்கள்.

8. வேட்பாளரிடம் நேரில் கேளுங்கள்

ஐந்தாம் படியில் ஒதுக்கி வைத்த கேள்விகளிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுங்கள். எல்லா வேட்பாளருக்கும் அதே நான்கு, அதே சொற்களில். ஒருவரிடம் மென்மையாகவும் இன்னொருவரிடம் காரமாகவும் கேட்டால் பதில்களை ஒப்பிட முடியாது.

தெருவில் வாக்குக் கேட்டு வரும்போது வழிமறித்துக் கேட்டால் "கண்டிப்பா செய்யறோம்மா" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. கூட்டமும் வெயிலும் மேளமும் அப்படி. தேர்தல் அலுவலகத்துக்குக் கடிதமாகக் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் சிலர் தனிப்பட்ட முறையில் சேர்ந்து கையெழுத்திட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும். பணியில் உள்ள ஆசிரியர்களை இதில் இழுக்காதீர்கள். அவர்கள் அரசு ஊழியர்கள், தேர்தல் பணியும் பார்ப்பவர்கள். நடத்தை விதி அவர்களைத்தான் பாதிக்கும்.

கேள்வியில் உங்கள் தொகுதிப் பள்ளி ஒன்றின் உண்மை நிலையை வையுங்கள். "நம் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளுக்கு அடுத்த உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர். காலை எட்டரைக்குப் பிறகுதான் பேருந்து. இதற்கு முதல் ஆண்டில் என்ன செய்வீர்கள்?" இப்படிக் கேட்டால் பொதுவான பதில் சொல்லித் தப்பிப்பது கடினம். பதிலே தெரியாவிட்டாலும், "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி உண்மையிலேயே விசாரித்துச் சொல்பவர் யார் என்று தெரிந்துவிடும். எனக்கு அது அறிக்கையின் பல பக்கங்களைவிட மதிப்புள்ள தகவல்.

9. அட்டவணையை நிரப்புங்கள்

கேள்விகள் இடப்பக்கம் கீழ்நோக்கி. வேட்பாளர்கள் மேலே. ஒவ்வொரு வேட்பாளருக்கும் கட்சி சொன்னது, தானே சொன்னது, பதிவு என்று மூன்று உள்நெடுவரிசை. கட்டத்துக்குள் வேட்பாளரின் சொற்களையே சுருக்கி எழுதுங்கள். "நல்ல திட்டம்", "வெற்று வாக்குறுதி" போன்ற தீர்ப்புச் சொற்கள் இந்த நிலையில் வேண்டாம்.

ஒரு வேட்பாளரை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், ஒரு கேள்வியை எல்லா வேட்பாளருக்கும் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஒருவரையே தொடர்ந்து படித்தால் அவர்மீது ஒரு விருப்போ வெறுப்போ படிந்து, அடுத்த கட்டங்களை அது நிறம் மாற்றும்.

வெற்றுக் கட்டங்களை ஊகத்தால் நிரப்பாதீர்கள். "அந்தக் கட்சிதானே, இப்படித்தான் நினைப்பார்கள்" என்பது ஊகம். "அறிக்கையில் இல்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, பேச்சில் இல்லை" என்று எழுதுங்கள். மாற்றுத்திறன் குழந்தைகள் வரிசை எல்லா வேட்பாளருக்கும் காலியாக இருந்தால், அதையே எல்லோரிடமும் மீண்டும் கேட்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

10. எடை போடுவது உங்கள் வேலை

அட்டவணை முடிந்த பிறகு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் போதுமா என்று பலர் கேட்பார்கள். நான் கூட்டுவதில்லை. நீட்டில் பத்துக்கு எட்டும் கழிப்பறையில் பத்துக்கு எட்டும் சமம் என்று ஆகிவிடுகிறது. மாறாக, உங்களுக்கு மிக முக்கியமான இரண்டு கேள்விகளை முதலில் எடுத்து, அவற்றில் "மா" அல்லது "ச" குறி உள்ள, பணமும் காலமும் சொன்ன வாக்குறுதிகளை மட்டும் ஒப்பிடுங்கள். அங்கேயே வேறுபாடு தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்குப் போகத் தேவையில்லை. தெரியாவிட்டால் அடுத்த இரண்டு.

"ஒ" குறி உள்ளவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒன்றியத்தோடு மோதுவாரா, பேசுவாரா, வழக்குப் போடுவாரா என்பதும் ஒரு நிலைப்பாடுதான். தனியாகப் பாருங்கள், அவ்வளவே.

11. பகிர்வதற்கு முன்

அட்டவணையை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், உங்களுக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு வாக்களிக்கப்போகும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "எங்க ஆளு சொன்னது இது இல்லையே" என்று அவர் காட்டும் இடங்களை ஆதாரத்தோடு சரிபாருங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் ஆதாரத்தைக் காட்டுங்கள்.

படமாகப் பகிர்ந்தால் ஓரம் வெட்டப்பட்டுப் பாதி மட்டும் சுற்றும். பிடிஎஃப் ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் தேதியோடு அனுப்புங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பரப்புரைக்குத் தடை உண்டு. உங்கள் தாள் பரப்புரை இல்லைதான் என்றாலும், அதற்கு முன்பே பகிர்ந்து முடித்துவிடுங்கள். வேட்பாளர் மறுப்போ விளக்கமோ சொல்ல நினைத்தால் அவருக்கும் நாள் வேண்டும்.

முடிவு வந்த பிறகு வென்றவரின் நெடுவரிசையை மட்டும் தனித் தாளில் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒரு படி கொடுங்கள். அடுத்த பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது அந்தத் தாளோடு அவரைப் போய்ப் பார்க்கலாம்.